அளவுகோலை மறைத்து அளப்பது நியாயமா?

திருப்பரங்குன்றத்து மலையைப் பற்றி நம் நாட்டார் வழிவழியாகச் சொல்லி வரும் கதைகளுள் நக்கீரர் சிறைப்பட்ட கதையும் ஒன்று. குளக்கரையில் பூஜையில் அமர்ந்திருந்த புலவரின் முன்னே மரத்து இலை ஒன்று பாதி நீரிலும் பாதி நிலத்திலுமாக விழுந்தது. நீரில் கிடந்த பாதி மீனாயிற்று; நிலத்தில் கிடந்த பாதி பறவையாயிற்று. இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, அந்த விந்தையில் ஒரு கணம் சிந்தை சிதறிய புலவரைப் பூதம் பற்றிக் குகையில் அடைத்தது என்பது கதை. பக்தி நெறியில் இதற்கு வேறு பொருள் கூறுவர். நாம் இங்கே கருதுவது ஒன்றே: தாம் எவ்வகையில் பரீட்சிக்கப்படுகிறோம் என்பதை அறியாமலே அப்பெரும் புலவர் பரீட்சிக்கப்பட்டார்.

அம்மலையின் அடிவாரத்திலும், அதைச் சூழ்ந்த நிலையூர், ஹார்விபட்டி, தோப்பூர், பெருங்குடி முதலிய ஊர்களிலும் பிளஸ் டூ வகுப்பில் படிக்கும் நம் பிள்ளைகளின் இன்றைய நிலையும் ஏறக்குறைய அதுவேயாகும். தங்கள் வாழ்க்கையின் போக்கைத் தீர்மானிக்கப்போகும் பரீட்சை ஒன்று உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால் அது எதை அளக்கிறது, எவ்வாறு அளக்கிறது, அளந்து கிடைத்த எண்ணுக்குப் பொருள் என்ன என்பவற்றை முறையாக எடுத்துரைப்பார் அவர்களுக்கு அரியர்.

நுழைவுத் தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் நம் ராஜ்யத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அவ்வாதத்தில் நமக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைப் பின்னர் மறைக்காமல் கூறுவோம். ஆயினும் இன்று நாம் முக்கியமாக வற்புறுத்த விரும்புவது வேறொன்று. வாதம் எப்படி முடியினும் சரி, அது முடியும் வரையில் பரீட்சையை எழுதப்போகிறவர்கள் பிள்ளைகளே. அதன் இயல்பை அவர்களுக்கு விளக்கிக் கூறுவது சர்க்காரின் கடமை, பள்ளியின் கடமை. இக்கடமையைத் தேர்வை ஆதரிப்போரும் போதிய அளவு செய்யவில்லை, எதிர்ப்போரும் செய்யவில்லை. இருவரும் விட்ட இடத்தில் கோச்சிங் வியாபாரம் கடை விரித்து அமர்ந்திருக்கிறது.

ஓர் ஊரில் இரண்டு வாயில்கள்

திருப்பரங்குன்றத்திலேயே நின்று பார்த்தால் விஷயம் தெளிவாக விளங்கும். இங்கே 1957-ம் வருஷத்தில் கருமுத்து தியாகராஜச் செட்டியாரவர்கள் நிறுவிய தியாகராசர் என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. அதில் சர்க்கார் கலந்தாய்வின் மூலம் நிரப்பப்படும் இடங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ பரீட்சையில் கணிதத்தில் பெற்றதை நூற்றுக்கும், பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றில் பெற்றதை ஐம்பது ஐம்பதுக்குமாகக் கணக்கிட்டு, 200-க்கு எத்தனை என்று பார்த்து இடம் வழங்குகிறார்கள். பிள்ளை தன் பள்ளியில், தன் உபாத்தியாயரிடம் எதைப் படித்தானோ, அதிலேயே அவன் அளக்கப்படுகிறான்.

அதே திருப்பரங்குன்றம் தாலுகாவைச் சேர்ந்த தோப்பூரில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், அதாவது எய்ம்ஸ், அமைப்பதற்கு 2019-ம் வருஷம் ஜனவரி மாதம் 27-ந் தேதி அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 2022-ல் அதன் முதல் ஐம்பது மாணவர்கள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கினர். அந்த வாயிலுக்குத் திறவுகோல் வேறு. பிளஸ் டூ மார்க்கு அங்கே தரவரிசைக்கு உதவாது. ‘நீட்’ என்ற ஒரே பரீட்சையின் ஒரே நாள் முடிவுதான் செல்லும். மேலும் எய்ம்ஸ் இடங்கள் முழுவதும் அகில இந்தியாவுக்கும் பொது; ராஜ்யத்துக்கென்று பங்கு இல்லை. தோப்பூர்க் கண்மாய்க் கரையில் பிறந்த பெண்ணுக்கும் டில்லி மாநகரில் பிறந்த பெண்ணுக்கும் அங்கே ஒரே அளவுகோல்.

இரண்டு வாயில்களுக்கும் இடையே சில மைல் தூரமே உண்டு. ஆனால் முதல் வாயிலுக்குப் போகும் வழி ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வழியாகவே செல்கிறது. இரண்டாவது வாயிலுக்குப் போகும் வழி பெரும்பாலும் கோச்சிங் சென்டரின் வழியாகச் செல்கிறது. இதுவே நாம் கவனிக்கவேண்டிய வேற்றுமை.

வந்த வழி

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு புதிதன்று. 1984-ம் வருஷத்தில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ராஜ்ய சர்க்காரே அத்தகைய தேர்வை நடத்தி வந்தது. கிராமப்புறத்துப் பிள்ளைகளையும் ஏழைகளையும் அது பின்தள்ளுகிறது என்ற குறை வலுத்ததால், 2006-ம் வருஷத்தில் சட்டசபை அதை நீக்கச் சட்டம் இயற்றியது. 2007-ல் ராஷ்டிரபதியின் சம்மதமும் கிடைத்தது. அதன்பின் பத்து ஆண்டுகள் மருத்துவத்துக்கும் பிளஸ் டூ மார்க்கே அளவாக இருந்தது.

இதனிடையே அகில இந்தியப் பொதுத் தேர்வு உருவெடுத்தது. 2013-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளுள் இருவர் அத்தேர்வு செல்லாது என்றனர், ஒருவர் மாறுபட்டார். 2016-ம் வருஷம் ஏப்ரலில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. அவ்வருஷம் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் ராஜ்யத்தின் இடங்களுக்கு விலக்குக் கிடைத்தது. 2017-ல் அந்த விலக்கும் போயிற்று.

அந்த 2017-ம் வருஷத்தில் நடந்ததைத் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. விலக்குக் கிடைக்கும் என்று ஆகஸ்டு மாதம் வரையில் பிள்ளைகளுக்கு நம்பிக்கை ஊட்டப்பட்டது. ஆகஸ்டு 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீட் வரிசைப்படியே சேர்க்கவேண்டும் என்று உத்தரவிட்டது. அரியலூர் மாவட்டத்துக் குழுமூரைச் சேர்ந்த மாணவி அனிதா பிளஸ் டூ பரீட்சையில் 1200-க்கு 1176 பெற்றவர். நீட் தேர்வில் அவர் பெற்றது 720-க்கு 86. சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று முறையிட்ட அப்பெண் செப்டம்பர் 1-ந் தேதி உயிர் நீத்தார்.

ஒரே பிள்ளை; ஒரே ஆண்டு; இரண்டு அளவுகோல்கள். ஒன்று அவரை ராஜ்யத்தின் முன்வரிசையில் நிறுத்தியது. மற்றொன்று அவரைத் தகுதியற்றவர் என்றது. அப்பெண்ணின் அறிவு ஒரு மாதத்தில் சுருங்கிப்போகவில்லை. அவர் ஒரு பாடத்திட்டத்தைப் படித்தார். வேறொரு பாடத்திட்டத்தில் அளக்கப்பட்டார். அளக்கப்போவது எந்தக் கோல் என்பதைக் கடைசி வாரம் வரையில் பெரியவர்கள் யாரும் அவருக்கு உறுதியாகச் சொல்லவில்லை. நமது தலைப்பு கேட்கும் கேள்வி இதுதான்.

லண்டனில் வைத்த பரீட்சை

‘யாவருக்கும் ஒரே பரீட்சை, இதில் பாரபட்சம் எங்கே?’ என்று கேட்போர் உண்டு. இக்கேள்வி நம் தேசத்துக்குப் புதியதன்று. ஐ. சி. எஸ். உத்தியோகத்துக்கு 1855 முதல் போட்டிப் பரீட்சை நடந்தது. சட்டத்தின் கண்ணில் அதுவும் யாவருக்கும் பொதுவானதே. இந்தியனும் எழுதலாம், ஆங்கிலேயனும் எழுதலாம். ஆனால் அதை லண்டனில் நடத்தினார்கள். ஆங்கில நாட்டுப் பள்ளிகளில் கற்பிக்கும் பாடங்களுக்கே மிகுந்த மார்க்கு வைத்தார்கள். கப்பல் செலவுக்கும் கடல் கடப்பதற்கும் துணிந்த இந்தியர் எத்தனை பேர்? 1863-ல் சத்தியேந்திரநாத தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். பின்னர் எழுதும் வயதின் உச்ச வரம்பைப் பத்தொன்பதாகக் குறைத்தார்கள். சுரேந்திரநாத பானர்ஜி தேசமெங்கும் சென்று இதைக் கண்டித்தார். இந்தியாவிலும் அதே சமயத்தில் பரீட்சை வைக்கவேண்டும் என்று 1885-ல் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபையே கோரியது. இந்திய மண்ணில் அப்பரீட்சை நடந்ததோ 1922-ல்தான்.

அன்று நம் பெரியோர்கள் போட்டிப் பரீட்சையே கூடாது என்று சொல்லவில்லை. வினாத்தாள் ஒன்றாக இருப்பது மட்டும் சமத்துவம் ஆகாது. வினாத்தாள் வைத்திருக்கும் இடத்துக்குச் செல்லும் வழியும் சமமாக இருக்கவேண்டும் என்றே சொன்னார்கள். இன்று கடல் கடக்க வேண்டியதில்லை. ஆனால் ஓராண்டோ ஈராண்டோ வேறு வேலையின்றிப் பயில்வதற்கான பொழுதும், அதற்குக் கட்டவேண்டிய பணமும் இன்றைய கப்பல் கட்டணமாகி விட்டன. 2021-ம் வருஷத்தில் ராஜ்ய சர்க்கார் அமைத்த நீதிபதி ஏ. கே. ராஜன் கமிட்டி இதை ஆராய்ந்தது. பள்ளியிலிருந்து நேரே வந்து முதல்முறை எழுதுவோர் பின்தங்கி, மறுபடி எழுதுவோரின் பங்கு பெருகிவிட்டது என்பது அதன் முக்கிய முடிவுகளுள் ஒன்று. நிலையூரில் தறி போடும் குடும்பம் ஒன்று, பிளஸ் டூ முடித்த மகளை மேலும் ஓராண்டு வீட்டில் வைத்துக் கட்டணமும் கட்டிப் படிக்கவைக்க முடியுமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

பிள்ளைகள் அறியவேண்டியவை

இனி, இப்பரீட்சை எத்தகையது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். இவை ரகசியங்கள் அல்ல. எனினும் நம் ஊர்களில் பலர் பணம் கட்டிய பின்பே இவற்றைத் தெரிந்துகொள்கிறார்கள்.

2025-ம் வருஷத்து முறைப்படி, கேள்விகள் 180. நேரம் மூன்று மணி. பௌதிகத்தில் 45, ரசாயனத்தில் 45, உயிரியலில் 90. ஆகவே மொத்த மார்க்கில் சரிபாதி உயிரியலுக்கே உரியது. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்தான் விழுக்காடு. பிளஸ் டூ பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய பிள்ளைக்கு இது முற்றிலும் வேறான வேலை. தெரிந்ததை விரிவாக எழுதும் ஆற்றலுக்கு இங்கே இடமில்லை. நான்கு விடைகளுள் தகாத மூன்றை விரைந்து ஒதுக்கும் பழக்கமே இங்கே வேண்டுவது.

சரியான விடைக்கு 4 மார்க்கு. தவறான விடைக்கு 1 மார்க்கு கழிவு. விடாமல் விட்டதற்குக் கழிவு இல்லை. இந்தக் கழிவைக் கண்டு அஞ்சி, பாதி தெரிந்த கேள்விகளையும் தொடாமல் வருகிற பிள்ளைகள் பலர். கணக்கைப் பாருங்கள். ஒன்றுமே தெரியாத 40 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக் குறித்தால், சராசரியாக நாலில் ஒன்றாக 10 சரியாகும். அதற்கு 40 மார்க்கு. மற்ற 30 தவறாகும். அதற்கு 30 கழிவு. மிச்சம் 10. ஆக, குருட்டுக் குறிப்பினால் சராசரியில் நஷ்டமில்லை, ஆதாயமும் அற்பமே, அதிர்ஷ்டம் இருபுறமும் சாயலாம். ஆனால் நான்கு விடைகளுள் இரண்டு தவறென்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. அத்தகைய 40 கேள்விகளில் சராசரியாக 20 சரி, 20 தவறு, மிச்சம் 60. எனவே பாதி அறிவும் இப்பரீட்சையில் பயன் தரும். இந்த ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஓர் உபாத்தியாயருக்குக் கால் மணி நேரம் போதும்.

அடுத்தது, ‘தகுதி’ என்ற சொல்லைப் பற்றிய மயக்கம். பொதுப் பிரிவினருக்கு 50-வது பெர்சென்டைல், பிற்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 40-வது பெர்சென்டைல் என்று விதி கூறுகிறது. இது நூற்றுக்கு ஐம்பது மார்க்கு என்று பொருள்படாது. எழுதியவர்களை மார்க்கு வரிசையில் நிறுத்தினால், அவர்களில் சரிபாதிப் பேருக்குக் குறையாமல் நிற்கவேண்டும் என்பதே பொருள். 2025-ல் பொதுப் பிரிவினருக்கு அந்த எல்லை 720-க்கு 144. அவ்வாண்டு எழுதியவர்கள் 22 லட்சத்துக்கு மேற்பட்டோர். தகுதி பெற்றோர் 12 லட்சத்துக்கு மேல். தேசம் முழுவதும் உள்ள எம். பி. பி. எஸ். இடங்களோ சுமார் ஒன்றேகால் லட்சம். தகுதி பெற்ற பத்துப் பேருக்கு ஓர் இடம். ஆகவே ‘என் மகன் நீட் பாஸ்’ என்று மிட்டாய் வழங்கும் தகப்பனாருக்கு இடம் கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. இந்த மயக்கத்தைத் தரகர்கள் நன்கு பயன்படுத்துகிறார்கள். எல்லை தாழ்வாக இருப்பதால், பணமுடையவர் குறைந்த மார்க்குடனும் நிகர்நிலைப் பல்கலைக் கழகங்களில் இடம் பெறுகிறார். அவரைவிட மிக அதிகம் பெற்ற ஏழை, சர்க்கார் இடம் சிறிது தவறியதும் வெளியே நிற்கிறார். தகுதியை மட்டுமே பார்க்கும் தேர்வு என்று இதைப் புகழ்வோர் இதற்கு விடை கூறவேண்டும்.

மூன்றாவது, இடங்கள் பங்கிடப்படும் முறை. சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளின் இடங்களில் நூற்றுக்கு 15 அகில இந்தியத் தொகுப்புக்குப் போகும். மிகுதி 85 ராஜ்யத்துக்கு. இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையில் சர்க்கார் பள்ளியில் படித்தோருக்கு, 2020-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, ராஜ்ய ஒதுக்கீட்டில் 7.5 சதவிகிதம் தனியே உண்டு. அச்சட்டம் வருமுன் சர்க்கார் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரி சென்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அதன்பின் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் செல்கின்றனர். அவர்களும் நீட் எழுதியே செல்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. இச்சலுகையை அறியாமல், ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ பிள்ளையைக் கடன்பட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், பிள்ளைக்கு உரிய வாயிலைத் தாமே அடைத்துவிடுகிறார்கள்.

நான்காவது, மொழி. வினாத்தாளைத் தமிழிலும் பெறலாம். ஆனால் தமிழாக்கத்தில் ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே முடிவானது என்பது விதி. ஆகவே தமிழில் எழுதும் பிள்ளை ஐயமுற்ற இடத்தில் பக்கத்திலுள்ள ஆங்கில வாசகத்தையும் பார்க்கப் பழகவேண்டும். இதன் அவசியத்தை மதுரையைவிட நன்கு அறிந்த ஊர் இல்லை. 2018-ம் வருஷத்துத் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று ஸ்ரீ டி. கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், கேள்விக்கு நான்காக 196 மார்க்கு வழங்கும்படி ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை ஜூலை மாதத்தில் உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட்டு முதலில் அதை நிறுத்திவைத்து, நவம்பரில் ரத்தும் செய்தது. பரீட்சை வைத்தவர் செய்த பிழையின் பாரத்தை எழுதிய பிள்ளைகளே சுமந்தனர்.

இரு கட்சியாருக்கும்

இப்போது நமது அபிப்பிராயத்தைக் கூறுவோம். தன் வரிப்பணத்தில் மருத்துவக் கல்லூரிகளைக் கட்டி நடத்தும் ராஜ்யம், அவற்றில் யாரை எவ்வாறு சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையுடையது என்பதே நமது துணிபு. சட்டசபை 2021 செப்டம்பரில் மசோதா நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பவே, 2022 பிப்ரவரி 8-ந் தேதி மறுபடியும் நிறைவேற்றியது. ராஷ்டிரபதியின் சம்மதம் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் முதல் மந்திரி சட்டசபையில் அறிவித்தார். மக்களின் பிரதிநிதிகள் இருமுறை கூறிய முடிவுக்கு இத்தனை ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த பதில் இது. இது வருந்தத்தக்கது.

அதே சமயம் எதிர்க்கட்சியின் நியாயத்தையும் மறைக்கலாகாது. பொதுத் தேர்வு வருமுன் ஒவ்வொரு தனியார் ஸ்தாபனமும் தனித்தனியே பரீட்சை வைத்தது. பிள்ளைகள் ஊர் ஊராக அலைந்தனர். திரைமறைவில் நன்கொடை கைமாறியது. பிளஸ் டூ மார்க்கும் மாசற்ற அளவாக இருக்கவில்லை. பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு, ஈராண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்து மார்க்கு விளைவித்த பள்ளிகள் நம் ராஜ்யத்தில் பெயர் பெற்று விளங்கின. நீட் தேர்வில் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்விகள் வந்தபோது நம் பிள்ளைகள் திகைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒரே தேர்வு வந்தால் ஊழல் ஒழியும் என்ற வாக்குறுதியும் பொய்த்துவிட்டது. நமக்கு அருகிலுள்ள தேனி மருத்துவக் கல்லூரியிலேதான் 2019-ல் ஆள்மாறாட்டம் முதலில் வெளிப்பட்டது. 2024-ல் ஹஜாரிபாகிலும் பாட்னாவிலும் வினாத்தாள் வெளியானது மறுக்கமுடியாத உண்மை என்று சுப்ரீம் கோர்ட்டே கூறியது. எனினும் தேர்வு முழுவதும் கெட்டுவிட்டதற்குச் சான்றில்லை என்று மறுதேர்வுக்கு உத்தரவிட மறுத்தது.

வெளிநாடுகளிலும் இவ்விவாதம் தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவில் 1926 முதல் நடந்து வரும் ‘சாட்’ பரீட்சையைக் கலிபோர்னியா சர்வகலாசாலை 2020-ல் கைவிடத் தீர்மானித்தது. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகமோ, நிறுத்திவைத்திருந்ததை 2022-ல் மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஒரு விஷயத்தில் அந்நாடு நமக்கு வழிகாட்டுகிறது. அப்பரீட்சையை நடத்தும் ஸ்தாபனமே, 2015 முதல் கான் அகாடமி என்ற கல்வி ஸ்தாபனத்துடன் சேர்ந்து, யாவருக்கும் இலவசமாகப் பயிற்சி அளிக்க முன்வந்தது. அளப்பவரே அளவுகோலைக் காட்டவேண்டும் என்ற நியாயத்தை அது ஒப்புக்கொண்டது.

செய்யவேண்டுவன

மத்திய சர்க்காரை நாம் கேட்பது இது: தமிழ் வினாத்தாளைப் பாடம் அறிந்த தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் சேர்ந்து சரிபார்க்கட்டும், பிழை நேர்ந்தால் அதன் நஷ்டம் பிள்ளையைச் சேராது என்று விதியை மாற்றட்டும். 2018-ல் நம் பிள்ளைகளைக் கேரளத்துக்கும் ராஜஸ்தானத்துக்கும் பரீட்சை எழுத அனுப்பியதுபோல் இனி ஒருபோதும் நேராதபடி உறுதியளிக்கட்டும். தேர்வு நடத்தும் தேசிய ஸ்தாபனம் 2020-ல் ‘அப்யாஸ்’ என்ற கைப்பேசிப் பயிற்சியை வெளியிட்டது. அத்தகைய பயிற்சி நல்ல தமிழில் அச்சுப் புத்தகமாகப் பள்ளியறைக்கு வந்து சேரவேண்டும்.

ராஜ்ய சர்க்காரை நாம் கேட்பது இது: விலக்குக்கான போராட்டம் நடக்கட்டும், நாமும் உடனிருப்போம். ஆனால் ‘விலக்கு வந்துவிடும்’ என்ற சொல்லைப் பிள்ளைகளின் முன் வைத்து அவர்களை ஆயத்தமின்றி நிறுத்தும் 2017-ம் வருஷத்துத் தவறு இனி வேண்டாம். சர்க்கார் நடத்திய இலவசப் பயிற்சி வகுப்புகள் நன்முயற்சியே. எனினும் பரீட்சை நெருங்கும்போது சில வாரம் நடத்தும் வகுப்பு, ஈராண்டு பயின்று வருவோரோடு போட்டியிட உதவாது. பிளஸ் ஒன் வகுப்பின் முதல் மாதத்திலேயே, ஒவ்வொரு சர்க்கார் மேல்நிலைப் பள்ளியிலும், நுழைவுத் தேர்வுகள் எவை, எந்த வாயிலுக்கு எந்தப் பரீட்சை, எந்த வாயிலுக்குப் பரீட்சையே இல்லை என்பதைப் பெற்றோரையும் வரவழைத்துச் சொல்லவேண்டும். வாரம் ஒரு பாடவேளை பழைய வினாத்தாள்களுக்கு ஒதுக்கப்படவேண்டும். பெற்றோர் கையில் கொடுக்கத்தக்க சிறு தமிழ்ப் பிரசுரம் ஒன்று ஆண்டுதோறும் அச்சிடப்படவேண்டும். இதற்குக் கோடிக்கணக்கான பணம் வேண்டாம், மனம் வேண்டும்.

ஊர்ப் பெரியோரையும் படித்த வாலிபர்களையும் நாம் கேட்பதும் உண்டு. திருநகரிலும் திருப்பரங்குன்றத்திலும் வசிக்கும் ஓய்வுபெற்ற உபாத்தியாயர்களும், என்ஜினீயரிங் மாணவர்களும், மதுரை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் இளைஞர்களும் ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் வாசகசாலையில் அமர்ந்தால் போதும். விலைக்கு விற்கப்படும் அறிவு பாதிக்குப் பாதி இலவசமாகிவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

இறுதியாகப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கும்பகோணத்துப் பிள்ளை ஒருவர் கணிதத்தைத் தவிர மற்றவற்றில் மனம் செல்லாமல் எஃப். ஏ. பரீட்சையில் தேறாமற்போனார், உபகாரச் சம்பளத்தையும் இழந்தார். 1913-ல் அதே சென்னை சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் அங்கத்தினராக்கிக்கொண்டது. அவர்தாம் ஸ்ரீநிவாச ராமானுஜன். அவரை அளக்க அப்பரீட்சைக்கு நீளம் போதவில்லை. எல்லோரும் ராமானுஜன் ஆவதில்லை. ஆனால் எவரையும் முழுவதும் அளக்கும் பரீட்சை ஒன்று இன்னும் உலகத்தில் தோன்றவில்லை.

நீட் அளப்பது, 180 நிமிஷத்தில் 180 கேள்விகளுக்கு விடை குறிக்கும் ஆற்றலை. நோயாளியின் கையைப் பற்றும் கனிவை அது அளக்காது. இரவு முழுவதும் விழித்திருக்கும் பொறுமையை அது அளக்காது. உங்கள் குடும்பம் உங்கள்மீது வைத்திருக்கும் அன்பை அது அளக்காது. அதில் குறைந்த எண் வந்தால் அந்த எண் குறைந்தது; நீங்கள் குறையவில்லை. மறுபடி எழுதலாம், வேறு வாயிலில் நுழையலாம். 7.5 சதவிகித முன்னுரிமை 2021 முதல் என்ஜினீயரிங், விவசாயம் முதலிய படிப்புகளுக்கும் உண்டு. பெற்றோர்களே, முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மார்க்கைக் கேட்குமுன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

பரீட்சை இருக்கட்டும், அல்லது போகட்டும். அது பெரியவர்கள் வழக்காடித் தீர்க்கவேண்டியது. அது இன்னதென்று அறிவது பிள்ளைகளின் உரிமை. அந்த உரிமையை அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளிலேயே வழங்கத் தொடங்கலாம். அதற்குச் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பும் வேண்டாம். ராஷ்டிரபதியின் சம்மதமும் வேண்டாம்.